14 வருட சுகர், 3 குழாயில் அடைப்பு: ஸ்டென்ட்டா, பைபாஸா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 59. சுகர் வந்து 14 வருடம் ஆகிறது, 2 வருடமாக இன்சுலினும் போடுகிறார். நெஞ்சு வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கொஞ்ச நாளாக நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று காட்டப் போனோம். ஆஞ்சியோவில் 3 குழாயிலும் அடைப்பு, பம்பிங் நார்மல். ஒரு டாக்டர் 4 ஸ்டென்ட் வைத்தால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். இன்னொருவர் பைபாஸ்தான் சரி என்கிறார். இரண்டு பேருமே "சுகர் இருக்கிறதே" என்றுதான் பேச்சை முடிக்கிறார்கள். சுகர் இருந்தால் அப்படி என்னதான் மாறுகிறது?

பதில்: இதய ஆபரேஷன்களுக்கு மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். நெஞ்சைத் திறக்கும்போதும் பக்கத்தில் நிற்பேன், அன்று ராத்திரி ஐ.சி.யு.வில் சுகர் ஏறி இறங்குவதையும் பார்ப்பேன். ஆஞ்சியோ படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் கடைசி வார்த்தை என்னுடையது இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால் (சுகர், 3 குழாய், நல்ல பம்பிங், 59 வயது, அவசரமும் இல்லை) இதுவரை வந்த ஆய்வுகள் பைபாஸ் பக்கம்தான் சாய்கின்றன. லேசாக அல்ல, நன்றாகவே. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், ஆபரேஷன் மேசையில் என்ன தெரிகிறது என்பது. நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தைச் சுற்றியுள்ள உறையைத் திறந்ததும், சர்ஜன் கத்தியை எடுக்க மாட்டார். ஆள்காட்டி விரல் நுனியால் இதயத்தின் மேல் ஓடும் குழாயை மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்ப்பார். சுகர் இல்லாதவரின் குழாய் பெரும்பாலும் மெத்தென்று இருக்கும், ஏதோ ஓரிடத்தில் மட்டும் விரலுக்குக் கல் தட்டும். 14, 15 வருடம் சுகரோடு வாழ்ந்தவரின் குழாய் முற்றிய முருங்கைக்காய் மாதிரி நீளத்துக்கும் கணு கணுவாக இருக்கும். அதில் ஓர் இளசான இடத்தைத் தேடித்தான் புதுக் குழாயைத் தைக்க வேண்டும். குழாயின் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர். தைக்கும் இழை தலைமுடியைவிட மெல்லியது. "இங்க நல்லா இருக்கு" என்று சர்ஜன் வாயிலிருந்து வந்தால் அறைக்கே மூச்சு வரும்.

ஆஞ்சியோ படத்தில் "70 சதவீதம், 90 சதவீதம்" என்று குறித்துத் தருகிறார்களே, அது சாயம் ஓடும் வழியின் நிழல்தான். சுகர்காரருக்கு அடைப்பு என்று குறித்த இடத்துக்கும் குறிக்காத இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல. இன்றைக்கு 40 சதவீதம் என்று விட்டுவைத்த இடம், நாலு வருடம் கழித்து ஹார்ட் அட்டாக்காக வந்து நிற்கலாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு சிகிச்சையையும் பாருங்கள். வாய்க்காலில் மண் சேர்ந்த இடத்தைத் தூர் வாரிவிட்டு, கரை சரியாமல் அங்கே மட்டும் கல் கட்டுகிற மாதிரி ஸ்டென்ட். அந்த இடம் சரியாகிவிடும். அதற்கு மேலேயும் கீழேயும் அது ஒன்றும் செய்யாது. பைபாஸ் என்பது கடைமடைக்கு நேராக வேறு வாய்க்கால் வெட்டுவது. மேலே இன்னும் நாலு இடத்தில் மண் சேர்ந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். ஒரே இடத்தில் அடைப்பு உள்ளவருக்கு இந்த வித்தியாசத்தால் பெரிய லாபம் இல்லை. வாய்க்கால் முழுக்க மண் சேரும் சுபாவம் உள்ளவருக்கு அதுதான் எல்லாமே.

ஸ்டென்ட் வைத்த இடத்திலும் சுகர் தன் வேலையைக் காட்டும். பலூனை ஊதி கம்பிவலையை அழுத்தும்போது குழாயின் உள்தோல் கிழிகிறது. காயம் ஆற வேண்டும், ஆனால் அளவாக ஆற வேண்டும். சுகர் உள்ள உடம்பில் அந்த உள்தோல் சீராக மூடிக்கொள்ளாது, அதற்கு அடியில் இருக்கும் தசை செல்கள் தேவைக்கு மேல் பெருகி வலையின் கண்களுக்குள் வளரும். ரத்தத் தட்டணுக்களும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் குணத்தோடு இருக்கும். குழாய்களும் சிறுத்திருப்பதால் சின்ன ஸ்டென்ட், நீளமான ஸ்டென்ட் என்று வைக்க வேண்டிவரும். சின்னது, நீளமானது இரண்டுமே சீக்கிரம் சுருங்கும் ரகம்.

1977இல் ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் கிரன்ட்ஸிக் முதல் பலூனை ஊதியபோது இதெல்லாம் தெரியாது. தெரிய வந்தது 1995இல். அமெரிக்காவில் பாரி என்ற ஆய்வில் பல குழாய் அடைப்புள்ள 1,829 பேரை ஸ்டென்ட் இல்லாத வெறும் பலூனுக்கும் பைபாஸுக்கும் குலுக்கல் முறையில் பிரித்திருந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. சுகருக்கு மருந்து சாப்பிட்டவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது: 5 வருடம் கழித்து பைபாஸ் குழுவில் 80.6 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், பலூன் குழுவில் 65.5 சதவீதம் பேர். ஆய்வுக் கட்டுரை அச்சாகும் வரைகூடக் காத்திருக்காமல், அந்நாட்டு அரசின் இதய நிறுவனம் டாக்டர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம் இருந்தது, அதைப் பலர் சொல்வதில்லை. பைபாஸின் லாபம் முழுக்க நெஞ்சுக்குள் இருக்கும் தமனியை எடுத்துத் தைத்தவர்களுக்குத்தான் கிடைத்தது. சர்ஜன்கள் லிமா என்பார்கள், நெஞ்செலும்பின் இடது ஓரமாக உள்பக்கத்தில் ஓடும் குழாய் அது. அதை வைத்த சுகர்காரர்களில் இதய நோயால் இறந்தவர்கள் 2.9 சதவீதம். காலிலிருந்து எடுத்ததை மட்டும் வைத்தவர்களில் 18.2 சதவீதம், அதாவது பலூன் குழுவுக்கு மிக அருகில். (காலிலிருந்து எடுப்பதை "நரம்பு" என்றுதான் வார்டில் எல்லோரும் சொல்கிறோம். அது நரம்பில்லை, சிரை. இதைத் திருத்துவதை நான் விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.) லிமா 10 வருடம் கழித்தும் 10இல் 9 பேருக்குத் திறந்தே இருக்கும். கால் சிரைகள் அதற்குள் பாதிக்கு அருகில் அடைத்துப்போகின்றன. எனவே பைபாஸ் என்று முடிவானால் சர்ஜனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "முன்பக்கக் குழாய்க்கு லிமா வைப்பீர்களா?" என்பதுதான். வைப்பேன் என்றுதான் சொல்வார். இருந்தாலும் கேளுங்கள்.

"அது பலூன் காலம், இப்போது மருந்து தடவிய ஸ்டென்ட் வந்துவிட்டதே?" என்று ஸ்டென்ட் சொன்ன டாக்டர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்து ஸ்டென்ட் வந்ததும் வலைக்குள் சதை வளர்வது வெகுவாகக் குறைந்தது உண்மை. எந்த மருந்து என்பதும் முக்கியம் என்று நம் நாட்டிலேயே காட்டியிருக்கிறார்கள்: உபேந்திர கௌல் தலைமையில் 45 இந்திய மருத்துவமனைகளில் சுகர் உள்ள 1,830 பேரை வைத்து நடந்த டக்ஸிடோ ஆய்வு 2015இல் வெளிவந்தது. பேக்ளிடாக்ஸல் பூசிய ஸ்டென்ட்டில் ஒரு வருடத்தில் 5.6 சதவீதம் பேருக்குச் சிக்கல், எவரோலிமஸ் பூசியதில் 2.9 சதவீதம். அதனால் இப்போது யாரும் பழைய ரகத்தை வைப்பதில்லை.

ஆனால் ஸ்டென்ட் நன்றாக இருப்பது வேறு, நோயாளி நன்றாக இருப்பது வேறு. 2012இல் வந்த ஃப்ரீடம் ஆய்வில் உங்கள் அப்பா மாதிரியானவர்கள்தான்: சுகர் உள்ள 1,900 பேர், பெரும்பாலானோருக்கு 3 குழாய் அடைப்பு. 5 வருடத்தில் இறப்பு, ஹார்ட் அட்டாக், பக்கவாதம் மூன்றையும் சேர்த்து, மருந்து ஸ்டென்ட் குழுவில் 26.6 சதவீதம், பைபாஸ் குழுவில் 18.7. இறப்பு மட்டும் எடுத்தால் 16.3க்கு 10.9. ஹார்ட் அட்டாக் 13.9க்கு 6. முதல் ஒன்றிரண்டு வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, அதற்கப்புறம்தான் இரண்டு கோடும் பிரிந்து போகின்றன. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போவதை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். ஃப்ரீடத்தில் வைத்தவை முதல் தலைமுறை மருந்து ஸ்டென்ட்டுகள், இன்றைய ரகத்தில் இடைவெளி கொஞ்சம் குறையலாம் என்று வாதாட இடமுண்டு. குறையலாம், மூடிப்போய்விட்டது என்று நான் நம்பவில்லை.

ஒரே ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் இதைச் சொல்வேன். 2018இல் 11 ஆய்வுகளையும் ஒன்று சேர்த்து 11,518 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். சுகர் இல்லாதவர்களில் 5 வருட இறப்பு ஸ்டென்ட்டில் 8.7 சதவீதம், பைபாஸில் 8.0. சுகர் உள்ளவர்களில் 15.5, 10.0. சுகர் இல்லாத ஒருவருக்கு இது விருப்பத்தைப் பொறுத்த விஷயம். அப்பாவுக்கு அப்படி இல்லை.

இனி பைபாஸுக்குக் கொடுக்கும் விலை. ஃப்ரீடத்திலேயே பக்கவாதம் பைபாஸ் குழுவில் 5.2 சதவீதம், ஸ்டென்ட் குழுவில் 2.4. அதில் கணிசமானது ஆபரேஷனை ஒட்டிய நாட்களிலேயே வருவது. கழுத்துக் குழாய்களையும் ஸ்கேன் செய்துதான் மேசைக்கு அனுப்புவார்கள். செய்யவில்லை என்றால் கேளுங்கள். கிட்னி கிரியேட்டினின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 14 வருட சுகரில் அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும். ஆஞ்சியோ சாயம், ஆபரேஷன் இரண்டுமே கிட்னிக்குச் சுமை.

அடுத்தது புண். என் தொழிலில் சுகரை நான் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இதுதான். நெஞ்சைத் திறந்ததுமே உடம்பு பதறி ஹார்மோன்களைக் கொட்டும், நாங்கள் கொடுக்கும் அட்ரினலினும் சேரும், சுகரே இல்லாதவருக்கும் 200ஐத் தாண்டிவிடும். அப்பா மாதிரியானவருக்கு 300 சாதாரணம். சுகர் அவ்வளவு ஏறிக்கிடந்தால் வெள்ளணுக்கள் கிருமியைத் தின்னாமல் சோம்பிக் கிடக்கும். பிளந்து கம்பி போட்டுக் கட்டிய நெஞ்செலும்பில் சீழ் பிடித்தால் அது தனி நரகம்; மறுபடி திறந்து கழுவி, வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக். அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஓர் எளிய மாற்றம் செய்து பார்த்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். தோலுக்கடியில் அவ்வப்போது இன்சுலின் போடுவதற்குப் பதில் ரத்தத்தில் சொட்டுச் சொட்டாக விடாமல் ஏற்றினார்கள். ஆழமான நெஞ்செலும்புத் தொற்று 2 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது. இன்றைக்கு நாங்கள் எல்லோரும் செய்வது அதைத்தான்: சிரிஞ்ச் பம்பில் இன்சுலின், மணிக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துச் சுகர் பார்த்து வேகத்தை மாற்றுவது, 180க்கு மேல் விடாமல்.

"அப்படியென்றால் 100க்குக் கொண்டுவாருங்களேன்" என்று ஒரு மகன் என்னிடம் ஐ.சி.யு. வாசலில் சண்டை போட்டிருக்கிறார். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். 2001இல் பெல்ஜியத்தின் லூவனில், பெரும்பாலும் இதய ஆபரேஷன் ஆனவர்களை வைத்து, சுகரை 80க்கும் 110க்கும் நடுவில் பிடித்து வைத்தபோது ஐ.சி.யு. இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6க்குக் குறைந்தது. உலகமே அதைப் பின்பற்றியது. 2009இல் 6,000க்கும் மேற்பட்ட ஐ.சி.யு. நோயாளிகளை வைத்து நடந்த நைஸ் சுகர் ஆய்வில் நேர்மாறாக வந்தது: அப்படி இறுக்கிப் பிடித்தவர்களில்தான் இறப்பு அதிகம். மயக்கத்தில் கிடப்பவருக்குச் சுகர் 40க்கு இறங்கினால் கை நடுங்குகிறது என்று சொல்ல வாய் இருக்காது. அதனால் 140க்கும் 180க்கும் நடுவில். அப்பாவின் ஷீட்டில் 165 என்று பார்த்து நீங்கள் பதற வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி "கிளிஃப்ளோசின்" என்று பெயர் முடிகிறதா என்று அப்பாவின் மாத்திரை அட்டையைப் புரட்டிப் பாருங்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை. இதயத்துக்கு மிக நல்லது, ஆனால் ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாமல் பட்டினியோடு மேசைக்கு வந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும். சுகரோ 160, 170 என்று சாதுவாகக் காட்டும், நோயாளி மட்டும் காரணமில்லாமல் வேகவேகமாக மூச்சு வாங்குவார். சுகர் நார்மலாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு நாங்கள் நுரையீரலைத் தேடிக்கொண்டிருந்தோம், விடை மனைவியின் கைப்பைக்குள் இருந்த மாத்திரை அட்டையில் இருந்தது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட அது மேல். மெட்ஃபார்மின் பற்றியும் கேளுங்கள். கிட்னி பலவீனமாக இருந்தால் ஆஞ்சியோ சாயத்துக்கு அப்புறம் 2 நாள் நிறுத்தி, கிரியேட்டினின் பார்த்த பிறகே தொடரச் சொல்வார்கள்.

மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 10, 11 என்று இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா என்பது அடுத்துக் கேட்கப்போகும் கேள்வி. இடது மூலக் குழாயில் (இடது பக்கக் குழாய்கள் பிரியும் தாய்க் குழாய்) அடைப்பு, படுத்திருக்கும்போதே வலி என்றால் ஒரு நாளும் தள்ளக் கூடாது, ஐ.சி.யு.வில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அப்பா மாதிரி நிதானமான நிலை என்றால் இரண்டு மூன்று வாரம் எடுத்து வெறும் வயிற்றுச் சுகரைப் படிய வைத்துவிட்டு வருவதில் தவறில்லை. அந்த வாரங்களில் பல் சொத்தை, கால் விரல் இடுக்குப் புண் இரண்டையும் பார்த்துவிடுங்கள். கிருமி அங்கிருந்துதான் கிளம்பும்.

இன்சுலின் போடுவதாக எழுதியிருந்தீர்கள். ஃப்ரீடத்தில் இன்சுலின் போட்டவர்களுக்கு 5 வருடத்தில் பாதிப்பு 28.7 சதவீதம், போடாதவர்களுக்கு 19.5. இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, இன்சுலின்தான் இதயத்தைக் கெடுக்கிறது" என்று ஊசியை நிறுத்திய ஆட்களை எனக்குத் தெரியும். இன்சுலின் தேவைப்படும் அளவுக்கு யாருக்குச் சுகர் முற்றியிருக்கிறதோ, அவர்களின் குழாயும் முற்றியிருக்கிறது, அவ்வளவுதான். குடை பிடித்தவர்கள் நனைந்திருக்கிறார்கள் என்பதற்காகக் குடையைக் குற்றம் சொல்ல முடியாது.

ஸ்டென்ட்டே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹார்ட் அட்டாக் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் சுகராவது ஒன்றாவது, உடனே ஸ்டென்ட்தான். ஒரே ஒரு குழாயில் அடைப்பு, நுரையீரல் கெட்டவர், 80ஐத் தாண்டித் தளர்ந்தவர், பக்கவாதம் வந்தவர், இவர்களுக்கெல்லாம் ஸ்டென்ட் புத்திசாலித்தனமான முடிவு. குழாய் கடைசி வரை முற்றிப்போய், தைக்க இளசான இடமே இல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்கு மருந்து மட்டும். அதுவும் இளக்காரமான வழி அல்ல: 2009இல் வந்த பாரி 2டி ஆய்வில், நிதானமான நிலையில் உள்ள சுகர்காரர்களில் உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்களும் மருந்தோடு இருந்தவர்களும் 5 வருடத்தில் ஒரே மாதிரிதான் பிழைத்திருந்தார்கள், 88.3க்கு 87.8. பைபாஸ் தேவை என்று பிரித்த தீவிரமான பிரிவில் மட்டும் ஆபரேஷன் ஆனவர்களுக்கு பாதிப்புகள் குறைவு. ஆகவே ஆஞ்சியோ படம் உள்ள சி.டி.யை எடுத்துக்கொண்டு தனித்தனியாக அலையாமல், இதய மருத்துவரும் சர்ஜனும் ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்க்கும் இடத்துக்குப் போங்கள். சென்னையில் இதற்குப் பஞ்சமில்லை. நாட்டின் முதல் பைபாஸ் 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் கையால் நடந்தது. முதல் ஆஞ்சியோபிளாஸ்டியை 1986இல் இதே ஊரில்தான் மாத்யூ சாமுவேல் களரிக்கல் செய்தார்.

எதைச் செய்தாலும் அதற்கப்புறம் உள்ளது மாத்திரைதான். பைபாஸ் ஆனதும் "எல்லாம் புதுக் குழாய்" என்று கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அதிகம். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 55க்குக் கீழே இருக்க வேண்டும், ஹெச்பிஏ1சி 7 வாக்கில். மேலே சொன்ன கிளிஃப்ளோசின் மாத்திரையை, கிட்னியைப் பார்த்து, மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி நினைவூட்டுங்கள், ஆபரேஷனுக்கு நிறுத்தியதை யாரும் திரும்ப எழுதாமலே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஸ்டென்ட் என்றால் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை; பல் பிடுங்கப் போகிற இடத்தில் யாராவது நிறுத்தச் சொன்னால் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. காலில் சிரை எடுத்த தையல் நெஞ்சுத் தையலைவிட மெதுவாக ஆறும். வீங்கும், நீர் கசியும். சிவந்து சூடாக இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

அப்பா நெஞ்சு வலி என்று சொன்னதே இல்லை என்று எழுதியிருந்தீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. நீண்ட நாள் சுகரில் பாத நரம்பு மரத்துப்போவது போல இதயத்தின் வலி நரம்பும் மரத்துப்போகும். மற்றவர்களுக்கு அலறும் மணி அவருக்கு அடிக்காது. ஆபரேஷனுக்குப் பிறகும் அடிக்காது. அதனால் அவரைக் கேட்காதீர்கள், "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார். அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: வழக்கமாக ஒரே மூச்சில் ஏறும் மாடிப்படியில் பாதியில் நின்றால், காரணமில்லாமல் சட்டை நனைய வியர்த்தால், இரண்டு நாளாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தால், அன்றைக்கே ஒரு இ.சி.ஜி.